உறைநிலையும் உருகுநிலையும்

விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையை மொழி திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தார். 'உருகுநிலை' என்னுஞ் சொல் அடுத்தடுத்து வந்தமையால், கூறியது கூறல் என்னுங் குற்றம் நீங்குமாறு சிலவிடங்களில் 'உறைநிலை' என மாற்றினேன். விஞ்ஞான ஆசிரியர் என் திருத்தங்களை அடித்துவிட்டுப் பழையபடி வைத்தார். காரணத்தை அறியப் புகுந்து யான் கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன்.

தூய பென்சீன் 5.5 பாகை செல்சியசில் உருகும். அதில் வேறொரு பொருளைக் கரைப்பின் அவ்வெப்பநிலை தாழும். ஐதான கரைசலில் இத்தாழ்வு கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது 1880ஆம் ஆண்டுகளில் இரவூல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. இறப்பர் மூலக்கூறோ நெடுஞ்சங்கிலி. மூலக்கூற்று நிறை 300,000 உடைய இறப்பரில் 1 கிராமை 100 கிராம் பென்சீனிற் கரைத்தால், இக்கணக்கின்படி 0.0002 பாகைகூடத் தாழாது. கந்தகமிட்டு வல்கனைசுப்படுத்திய இறப்பரில் சங்கிலிகள் பிணைந்து துண்டு முழுவதுமே ஒரு மூலக்கூறாகிவிடும். அது கரையாது, பென்சீனை உறிஞ்சிப் பருக்கும். மூலக்கூறு ஒன்றேயாதலின் தாழ்வே இராதெனத் தோன்றும்.

உண்மை அவ்வாறன்று. புளோரி, ஹகின்சு ஆகியோர் 1940ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வகுத்த கொள்கையைக் கொண்டு கணித்தால், கனவளவிற் சரிபாதி இறப்பராயுள்ளபோது பென்சீன் பளிங்கு 6 பாகையளவு தாழ்ந்து உருகவேண்டும். சங்கிலி ஒன்றாயினும் அதன் கண்ணிகள் தனித்தனியே வளைந்தசைவன. அவற்றிடையே பென்சீன் பரவிநிற்கும் வகைகள் எண்ணிறந்தன. அவ்விடுதலையைத் துறந்து பளிங்கின் வரிசையில் அடங்க மேலுங் குளிர் வேண்டும்.

சுவிற்சர்லாந்து அறிஞர் வேணர் கூன் 1950ஆம் ஆண்டுகளில் மற்றொரு காரணமுங் காட்டினார். வலைக்கண் சிறிதாகையால் அதனுள் வளரும் பளிங்குஞ் சிறிது; சிறு பளிங்கு பெரும்பளிங்கினுந் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும். இரண்டு காரணங்களுள் எது எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

இங்கேதான் என் பிழை விளங்கிற்று. பளிங்கு தோன்ற ஒரு கரு வேண்டும். கரு அமையாதவரை நீர்மம் உறையவேண்டிய வெப்பநிலைக்குக் கீழுங் குளிர்ந்து நீர்மமாகவே நிற்கும். ஆகவே குளிர்விக்கும்போது உறையக் கண்ட வெப்பநிலை ஒவ்வொரு முறையும் வேறுபடலாம். உருகுதற்கு அத்தகைய தடை இல்லை. மேலும், பென்சீன் உறைய உறைய எஞ்சிய பகுதியில் இறப்பரின் செறிவு கூடுவதால் உருகுதல் ஒரு புள்ளியில் நிகழாது பரந்து நிகழும். மெல்லச் சூடாக்கிக் கடைசிப் பளிங்கு மறையும் வெப்பநிலையைக் குறித்தலே தக்கது. (பென்சீன் புற்றுநோய் விளைப்பதாகையால் இப்பரிசோதனையைப் பாடசாலையிற் செய்தலாகாது.)

மாணவர் கட்டுரையில் 'உருகுநிலை' பதினோரிடத்து வந்திருந்தது. பதினொன்றும் அவ்வாறே அச்சேறின.