ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறக்கும் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தொடையில் போடப்படும் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டின், கேரளத்தின் அரசுத் திட்டங்களில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே ஏலத்தோட்ட வேலைக்காகக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே மலையேறி இறங்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரு மாநிலங்களில் எதில் போட்டாலும் கிடைப்பது அதே ஐந்து நோய்க்கான காப்புதான். ஊசி போட்ட இரவில் குழந்தை உடல் சுட்டு அழும்போது, மருந்து கெட்டுப்போயிருந்தது என்றோ ஊசியே நோயைக் கொடுத்துவிட்டது என்றோ வீட்டுப் பெரியவர்கள் கலங்குவதுண்டு.

இத்தடுப்பூசியின் கக்குவான் இருமலுக்கான பகுதியில், போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியா கொல்லப்பட்டு முழு உடலாகவே இருக்கிறது. உயிரற்ற அது பெருகவும் முடியாது, நோய் தரவும் முடியாது. ஆயினும் அதன் புறச்சவ்வில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்து அமைந்த எண்டோடாக்சின் என்னும் பொருளை, எதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள டிஎல்ஆர்-4 என்னும் உணர்வி இனங்கண்டு, பகை நுழைந்துவிட்டதென்று மற்ற அணுக்களை எழுப்புகிறது. அந்த எழுச்சியின் ஒரு பக்கம் காய்ச்சல், மறுபக்கம் நீடித்த காப்பு. தடுப்பூசிக்கு உடல் தரும் மறுமொழியை இவ்வாறு வலுப்படுத்தும் பொருளுக்கு அட்ஜுவன்ட், அதாவது துணையூக்கி, என்று பெயர். 1920களிலிருந்து பயன்படும் அலுமினிய உப்பும் இத்தடுப்பூசியில் அதே பணியைச் செய்கிறது என்றாலும், கொல்லப்பட்ட கக்குவான் பாக்டீரியா, தன்னோடு கலந்துள்ள தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான நஞ்சகற்றிய புரதங்களின் பயனையும் சேர்த்தே உயர்த்துகிறது என்பது இக்கலவையின் தனிச்சிறப்பு.

பணம் கொடுத்துப் போடும் ‘வலியில்லா ஊசி’யே உயர்ந்தது என்ற எண்ணம் இன்னும் ஆழமானது. அதில் பாக்டீரியாவின் தூய்மைப்படுத்திய சில புரதங்கள் மட்டுமே உள்ளன; எண்டோடாக்சின் பெரும்பாலும் நீக்கப்பட்டிருப்பதால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, ஆனால் காப்பு விரைவில் தேய்கிறது. அவ்வகையையே பயன்படுத்திய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2010இல் 9,000க்கும் மேற்பட்டோரைக் கக்குவான் தாக்கியது. 10 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. இலவசமாகப் போடப்படுவதாலேயே ஒரு மருந்தைத் தாழ்வாக எண்ணுவது வருத்தத்துக்குரிய தவறு.

காய்ச்சல் வராவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்பதும் சரியன்று. வெளியே தெரியும் சூடு இன்றியும் எதிர்ப்பாற்றல் உருவாகும்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல், தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்து, காய்ச்சலுக்குச் செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் தணியும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகையோ வலிப்போ துவளலோ கண்டால், விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டும்.