கணக்கிடக் கணினி தருவோர்

1999ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராயப் பொதுமக்களின் கணினிகளை நாடினர். 'செட்டி அட் ஹோம்' என்னும் அம்முயற்சியின் தொடர்ச்சியாகப் 'பாயிங்க்' என்னும் கட்டற்ற மென்பொருள் உருவாயிற்று. பெருங்கணக்கின் சிறு கூறுகளைத் தன்னார்வலர்களின் கணினிகள் பெற்று, அவை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கணக்கிட இது உதவுகிறது.

லினக்ஸ் கணினியில் இம்மென்பொருளின் சாளரம் 'இணைப்பு இல்லை' என்று காட்டினால், கணக்கீடு நின்றுவிட்டதாகக் கருத வேண்டா. கணக்கிடும் நிரல் பின்னணியில் தனியே இயங்குகிறது. சாளரம் அதன் நிலையைக் காட்டுவது மட்டுமே. கடவுச்சொல் கோப்பைப் படிக்கும் உரிமை பயனருக்கு இல்லாமை இதற்கு ஒரு பொதுவான காரணம். டெபியன் வகைக் கணினிகளில் பயனரைப் 'பாயிங்க்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் பெரும்பாலும் குறை நீங்கும். பொறுமையிழந்து மென்பொருளை அடியோடு அழித்தால், முடியும் தறுவாயிலுள்ள கணக்கும் அழியும். ஒவ்வொரு கூறுக்கும் கெடு உண்டு. அது தவறினால் அக்கூறு வேறொருவருக்குச் செல்லும்.

தில்லியில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அப்போது அளவுக்கு மீறிச் சூடேறும் கணினி தவறான விடை தரலாம். பல திட்டங்கள் ஒரே கூற்றை இருவருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. ஒவ்வாத விடை தள்ளப்படும், செலவான மின்சாரமோ திரும்பாது. ஆகவே, கோடையில் செயலகப் பயன்பாட்டு அளவை அமைப்புகளில் பாதியாகக் குறைத்தல் நன்று.

பயிற்சி
1. சாளரம் 'இணைப்பு இல்லை' என்று காட்டும்போதும் கணக்கீடு நடைபெறுவது எவ்வாறு?
2. பிரித்து எழுதுக: பெருங்கணக்கு, அம்முயற்சி.