ஆனைமலை எழுத்தும் நமது வாழ்த்து மடலும்



எழுத்தைப் பற்றிப் பேசும்போது ஆதிபகவனை நினைந்து தொடங்குதலே முறையாகும். பகவான் விருஷபதேவர் தம் புதல்வியராகிய பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தையும் எண்ணையும் கற்பித்தருளினார் என்று ஆதிபுராணம் கூறுகிறது. பண்டைய எழுத்துக்குப் பிராமி என்னும் பெயர் அப்புதல்வியாலேயே வந்தது என்பது நமது மரபு. சமவாயாங்க சூத்திரம் 18 வகை எழுத்துகளை எண்ணுமிடத்துத் 'தாமிளி' என ஒன்றையும் சேர்த்துரைக்கிறது. தமிழை எழுதப் பயன்பட்ட எழுத்தே அது என அறிஞர் கொள்வர். இன்று அதனைத் தமிழ்ப் பிராமி என்றும் தமிழி என்றும் வழங்குகிறோம்.

இத்தகைய மரபில் வந்த நாம், பொங்கலுக்கும் மகாவீர ஜயந்திக்கும், பகவான் பாவாபுரியில் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளுக்கும் கடையில் வாங்கிய மடல்களையே நெடுங்காலம் அனுப்பி வந்தோம். அச்சிட்ட வாழ்த்து மடல் 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பார் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காகச் செய்வித்ததிலிருந்து பரவிய வழக்கம். இப்போது அம்மடலும் அருகி, கைபேசியில் வந்த படத்தை அப்படியே பிறர்க்கு அனுப்புவதோடு வாழ்த்து முடிந்துவிடுகிறது. மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் நம் முன்னோர் பாறையில் விட்டுச் சென்ற எழுத்தைக் கொண்டு, வீட்டிலேயே மடல் வரையும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

படமா, எழுத்தா?

விழா மடல்களில் தீர்த்தங்கரர் திருவுருவத்தை அச்சிடுவது பக்தியால் எழுந்த வழக்கமே. ஆயினும் அம்மடல் ஓராண்டிற்குப் பின் எங்கே செல்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். பழைய தாள்களோடு கட்டப்பட்டு, பொட்டலம் மடிக்கவும் குப்பையில் சேரவும் நேர்கிறது. சினாலயத்தில் காலணியைக் கழற்றிவிட்டு வணங்கும் திருவுருவம் தெருவில் மிதிபடுவது நம் மனத்துக்கு ஒவ்வாது. திருவுருவத்தைச் சினாலயத்திற்கு விட்டு, மடலில் எழுத்தை மட்டும் அழகுற வரைவோமாயின் இக்குறை நேராது. எழுத்தும் போற்றத் தக்கதே; ஆதலின் மடலில் மந்திரங்களை எழுதாமல் 'வணக்கம்', 'தவம்' போன்ற சொற்களை எழுதுதல் நலம்.

ஒத்தக்கடை மலையில் காண்பன

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை அணுகும்போதே, படுத்திருக்கும் யானையைப் போன்ற பெரும்பாறை கண்ணில் படும். அதுவே ஆனைமலை. மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளை எண்பெருங்குன்றம் எனத் தொகுத்துக் கூறும் மரபில் இம்மலையும் ஒன்று.

எழுத்தின் வரலாற்றை ஒரே இடத்தில் கற்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் அரிது. முதலாவது, துறவியர் தங்கிய குகையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் இது, 'இவகுன்றம்' என்று மலையின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறது. இவம் என்பது யானை. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளாக இம்மலையின் பெயர் பொருளளவில் மாறவில்லை.

இரண்டாவது, மலையடியிலுள்ள நரசிங்கம் என்னும் ஊரில் இருப்பது. அங்குள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையை, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் எடுப்பித்தார். அச்செய்தி வடமொழியில் கிரந்த எழுத்திலும், தமிழில் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது நமக்கு மிகவும் நெருக்கமானது. பாறையின் முகப்பில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி ஆகியோரின் திருவுருவங்கள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் செய்வித்தோரின் பெயர்கள் உள்ளன. அவருள் ஒருவர், மதுரைக் குன்றுகள் பலவற்றிலும் தென்குமரிப் பகுதியின் சிதறாலிலும் பெயர் காணப்படும் அச்சணந்தி முனிவர். மதுரைக்கு மேற்கே சமணர் மலையில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அவர் பெயரோடு இன்றும் விளங்குகிறது. மன்னரைப் பற்றிய நீண்ட புகழுரைகள் அங்கில்லை. இன்னார் செய்வித்தது என்னும் ஒரே செய்தி, முன்னும் பின்னும் மங்கலமாக 'ஸ்ரீ' என்னும் எழுத்துப் பெற்று நிற்கிறது.

நான்கு உருவங்களில் 'வணக்கம்'

தமிழ்ப் பிராமி வளைவு குறைந்த எழுத்து. உளியால் பாறையில் வெட்டுவதற்கு ஏற்றது. அதனாலேயே குழந்தைகளின் கைக்கும் எளிது. வணக்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உருவங்கள் போதும்.

வ: சிறு வட்டம். அதன் உச்சியிலிருந்து மேல்நோக்கி ஒரு நேர்க்கோடு.

ண: ஒரு நிலைக்கோடு. அதன் தலையிலும் அடியிலும் ஒவ்வொரு படுக்கைக்கோடு.

க: கூட்டல் குறி. இரு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று வெட்டும். இச்சொல்லில் இது இருமுறை வரும்.

ம: மேலே திறந்த கிண்ணம் போன்ற வளைவு. அதன் இடையில் ஒரு குறுக்குக்கோடு.

மிகப் பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் காணப்படுவதில்லை. தொல்காப்பியம் புள்ளியை விதிக்கிறது. பின்வந்த கல்வெட்டுகளில் அது இடம்பெறுகிறது. மடலைப் பெறுவோர் எளிதில் உணரும்பொருட்டு முதல் ககரத்திற்கும் இறுதி மகரத்திற்கும் நாம் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வெழுத்தைப் பழகிய பின் தகரத்தைக் கற்கலாம். ஒரு நிலைக்கோடு கீழே இரு கால்களாகப் பிரியும், அதுவே த. இதனால் 'தவம்' என்று எழுத முடிகிறது. மேலே கூறிய 'இவகுன்றத்து' என்னும் சொல்லிலேயே வ, க, த ஆகிய மூன்றும் உள்ளன. இந்த ஐந்து உருவங்களைக் கற்ற சிறுவன் ஒருவன் ஆனைமலைக்குச் சென்றால், அக்கல்வெட்டின் சில எழுத்துகளைத் தானே அடையாளம் காண்பான். அதன்பின் அவன் கண்ணுக்கு அது வெறும் கீறலாகத் தோன்றாது.

வட்டெழுத்து, பெயருக்கேற்ப வளைந்து ஓடுவது. தமிழ்ப் பிராமியிலிருந்து படிப்படியாக உருவான இது, பாண்டிய நாட்டில் பெருவழக்காயிருந்தது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி அங்குப் பரவியபின் இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம் அதன் இடத்தைப் பெற்றது. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் தொடக்கத்தில் இதனைச் சொற்கள் எழுதப் பயன்படுத்தாமல், பெரியோர் துணையோடு படியெடுத்துப் பழகுதல் நன்று.

கருவிகளில் அகிம்சை

மடலில் அகிம்சையை வாழ்த்திவிட்டு, அதனை எழுதிய கருவியில் உயிர்வதையைச் சுமத்தல் பொருந்தாது. ஓவியக் கடையில் வாங்கும் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

தூரிகைகளில் அணில் மயிரும் கீரி மயிரும் கொண்டு செய்தவை உண்டு. கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். அதன் மயிரில் தூரிகை செய்து விற்பது குற்றமாகும். நமக்கு நைலான் தூரிகையோ நாணல் எழுதுகோலோ போதும். காய்ந்த நாணல் தண்டை முனையில் சரிவாகச் சீவி, நடுவில் சிறு பிளவு இட்டால் எழுதுகோல் ஆகிவிடும். ஒரே அளவு தடிமனுள்ள பிராமிக் கோடுகளுக்கு முனையை மழுங்கச் சீவுக. தடித்தும் மெலிந்தும் வரும் இன்றைய எழுத்துக்குப் பட்டையாகச் சீவுக.

நீர் பட்டாலும் கலையாத கறுப்பு மைகள் சிலவற்றில் அரக்கு சேர்கிறது. அரக்குப் பூச்சிகளின் சுரப்பே அரக்கு. அதனைச் சுரண்டி எடுக்கையில் அவ்வுயிர்கள் மாய்கின்றன. ஒட்டுவதற்குத் தச்சர் பயன்படுத்தும் வச்சிரம், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. இவற்றை விலக்கி, மைதா அல்லது அரிசி மாவுப் பசையைக் கொள்ளலாம்.

மையையும் வீட்டில் செய்யலாம். அகல் சுடரின்மேல் மண் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் படியும் கரியைத் திரட்டுக. கருவேலம் பிசினை நீரில் கரைத்து வடிகட்டி அக்கரியோடு குழைத்தால் நல்ல கறுப்பு மை கிடைக்கும். இதனைப் பகலிலேயே செய்க. இரவில் ஏற்றும் சுடரைப் பூச்சிகள் நாடி வந்து மடியும். பிசின் கரைசல் ஓரிரு நாளில் கெட்டு அதில் நுண்ணுயிர்கள் பெருகுமாதலின், அன்றன்றைக்கு வேண்டிய அளவே கரைக்க வேண்டும். செந்நிறத்திற்குக் காவிக்கல் ஏற்றது. மஞ்சள் தூளின் நிறம் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும்.

மடல் அமைக்கும் முறை

ஏ4 அளவுள்ள கெட்டித் தாள் ஒன்றை அதன் நீளத்தின் நடுவே வெட்டினால் இரு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் மடித்தால் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமும் 10.5 செ.மீ. அகலமும் உடைய மடலாகும்.

இடப்பக்கத்தில் பெரிதாகத் தொடங்கி, வலப்பக்கத்தில் இடமின்றி எழுத்தை நெருக்குவதே பலரும் செய்யும் பிழை. அதனைத் தவிர்க்க முதலில் கணக்கிட வேண்டும். வணக்கம் ஐந்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 1.5 செ.மீ. எனில் 7.5 செ.மீ.; நான்கு இடைவெளிகளுக்கு 0.7 வீதம் 2.8 செ.மீ.; மொத்தம் 10.3 செ.மீ. எஞ்சும் 4.7 செ.மீட்டரை இருபுறமும் பகிர்ந்துவிட்டால் சொல் நடுவில் அமையும். எழுத்தின் உயரம் 2 செ.மீ. இருக்கலாம். மேலும் கீழும் பென்சிலால் மெல்லிய கோடு இட்டுக்கொள்க.

கணக்கு முடிந்தபின் கண்ணுக்கே முதலிடம். கூட்டல் குறி போன்ற ககரத்தின் நான்கு மூலைகளும் வெறுமையாக இருப்பதால், இரு ககரங்கள் அடுத்தடுத்து வரும்போது இடைவெளி பெரிதாகத் தோன்றும். அங்குச் சிறிது நெருக்கி எழுதுக. பழைய எழுத்தின்கீழ் அதே சொல்லை இன்றைய எழுத்தில் சிறிதாக எழுதுவது கட்டாயம். பெறுவோர்க்கு விளங்காத வாழ்த்தால் பயனில்லை.

கணிப்பொறியிலும் தமிழ்ப் பிராமி எழுத்துரு இப்போது உண்டு. பிராமி எழுத்துகள் 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் இடம்பெற்றன. வடிவத்தைச் சரிபார்க்க அது உதவும். ஆனால் அதில் எல்லாக் ககரமும் ஒன்றுபோலவே இருக்கும். பாறையில் வெட்டியவனின் கை ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்டது. நம் குழந்தையின் கையும் அவ்வாறே வேறுபடட்டும்.

க்ஷமாவாணி மடல்

தசலட்சண பர்வத்தின் முதல் அறம் உத்தம க்ஷமா, அஃதாவது உயர்ந்த பொறை. பர்வம் நிறைவுற்றபின் க்ஷமாவாணி நாளில் ஒருவரிடம் ஒருவர் பிழைபொறுக்க வேண்டுகிறோம். கையெழுத்து மடல் மிகவும் தேவைப்படுவது இந்நாளுக்கே.

ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பி, 'அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க' என்பது எளிது. அந்நூறு பேரில், உண்மையில் நம்மால் புண்பட்டவர் இல்லாமலும் போகலாம். பாகப்பிரிவினையில் மனம் கசந்து ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் தமையன், சொல்லொன்றால் நாம் நோகச் செய்த மருமகள், இவர்களுடைய பெயரைக் கோடிட்டு, அளந்து, மை தொட்டு ஒவ்வோர் எழுத்தாக வரைந்து பார்த்தால் அதன் அருமை புரியும். ஒரு பெயரை எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆகிறது. அந்த அரைமணி நேரமும் அவரையே நினைக்கிறோம். சினத்தோடு எழுதினால் கோடு நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் நேராக வந்து அமைவதற்குள் மனமும் ஓரளவு நேராகிறது. ஆகவே க்ஷமாவாணிக்கு ஒரே ஒரு மடல் வரைந்தாலும் போதும்; அது உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

மடலின் பின்புறத்தில் முன்னோரைப் பின்பற்றி, 'இன்னார் மகள் இன்னாள் செய்தது' என ஒரே வரி எழுதுக. தாயின் பெயரையும் சேர்க்கலாம். குணமதியாரின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மலையில் நிற்கிறதன்றோ?

பயிற்சி

1. வ, ண, க, ம ஆகிய நான்கையும் கோடிட்ட தாளில் பத்து முறை எழுதுக.

2. 'தவம்' என்னும் சொல்லை 15 செ.மீ. மடலின் நடுவில் அமைக்க, இருபுறமும் விட வேண்டிய இடத்தைக் கணக்கிடுக.

3. வீட்டிலுள்ள தூரிகை, மை, பசை ஆகியவை எதனால் ஆனவை என்று கேட்டறிந்து எழுதுக.

4. குடும்பத்தோடு ஆனைமலைக்குச் சென்று, கல்வெட்டில் நீங்கள் கற்ற எழுத்துகளைத் தேடுக. எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ நீரோ எண்ணெயோ பூசலாகாது, கையாலும் தேய்க்கலாகாது. சாய்ந்த வெயில் படும் வேளையில் நின்று பார்த்தால் கீறல்கள் தாமே புலப்படும்.

மதுரைக் குன்றுகள் பலவற்றில், பழைய எழுத்தின் அருகிலும் மேலும் இக்காலத்தவர் தம் பெயர்களைக் கீறியும் வண்ணம் பூசியும் வைத்துள்ளனர். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் பலர் அவ்வாறு செய்திரார். நம் குழந்தைகள் தம் பெயரை எழுத விரும்புவது இயல்பே. அதற்குரிய இடம் தாள் என்றும், பாறையிலுள்ள பெயர்களைக் காப்பது நம் கடன் என்றும், முதல் மடல் வரையும் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!