ஆறு வந்தாரா?

மாணவர்களே, நியூசிலாந்தில் டொங்கரீரோ மலைச்சரிவில் பிறக்கும் வாங்கனூய் ஆற்றில், சிறு குழுவினர் தாமே துடுப்புப் போட்டு 145 கிலோமீட்டரை ஐந்து நாள்களில் கடப்பர். இருபுறமும் பெரணி மூடிய செங்குத்துக் கரைகள். வழியில் தீயெக்கே என்னும் மாவோரிக் குடியிருப்பில் தங்குவோரை, அம்மக்கள் முறைப்படி வரவேற்றே உள்ளே அழைப்பர். இருவரும் மூக்கும் நெற்றியும் ஒற்றி மூச்சைப் பகிர்வர். (நாமோ கைகூப்பி விலகி நிற்போம்!)

ஆறு அவர்களுக்கு முன்னோர். அவ்வுறவை ஏற்கக் கோரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடினர். 2017இல் நாடாளுமன்றம் ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. அதன் சார்பில் பேச இருவர் உள்ளனர். ஒருவரை அரசும் மற்றவரை ஆற்றங்கரைக் குடிகளும் முன்மொழிகின்றனர்.

சிந்தித்து எழுதுக: தமிழில் ஆறு அஃறிணை. மாவோரி மாணவர் தமிழ் கற்றால் 'ஆறு வந்தது' என்பாரா, 'ஆறு வந்தார்' என்பாரா? காரணம் தருக.