கத்தியின் மேற்பூச்சு: களைவதா, காப்பதா?

புதிய கத்தி ஒன்றை வாங்குகிறோம். அதன் அலகின்மேல் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. ஒரு கத்தியில் அது கண்ணாடிபோல் பளபளக்கிறது. மற்றொன்றில் கரிபோல் கறுத்திருக்கிறது. வேறொன்றில் விரலில் பிசுபிசுவென ஒட்டுகிறது. இதைத் தேய்த்து எடுத்துவிடலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அற்பமான ஐயம் என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. முடிவு தவறினால், பூச்சின் பொருக்குகள் நம் சோற்றில் விழக்கூடும். அல்லது நல்லதோர் எஃகு துருவேறிப் பாழாகக்கூடும். உலோகவியல் பயிலாத நண்பர்களும் தாமே முடிவு செய்துகொள்ளும் வகையில் இதனை ஈண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் துருவைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பூமியில் இரும்பு பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. உலையில் பெருவெப்பம் ஊட்டி அவ்விரண்டையும் நாம் பிரிக்கிறோம். பிரிந்த இரும்பு, நீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தவுடன், மீண்டும் பிராணவாயுவோடு கூடத் தொடங்குகிறது. அதுவே துரு. துரு நெகிழ்வானது, பொருபொருவென்று உதிர்வது. ஆகவே அது தன் கீழுள்ள இரும்பைக் காப்பதில்லை. பூச்சு எத்தகையதாயினும் அதன் தொழில் ஒன்றே: நீரும் காற்றும் எஃகை அணுகாதவாறு தடுத்து நிற்பது. கடற்காற்றில் உப்பு கலந்துள்ள சென்னையில் துரு விரைந்து பிடிக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் மழை மாதங்களில் ஈரக் கத்தியைக் கழுவுதொட்டியில் இரவு முழுதும் போட்டு வைத்தால், காலையில் செம்புள்ளிகளைக் காணலாம்.

பூச்சின் வகைகள்

முதல் வகை பயணப் பூச்சு. பட்டறையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து சேரும் வரையில் கத்தி துருப்பிடியாதிருக்க அதன்மேல் எண்ணெயோ, மெழுகோ, நிறமற்ற வார்னிஷோ தடவுகிறார்கள். கத்தி நம் கைக்கு வந்ததும் இதன் வேலை முடிந்தது. காய்கறி நறுக்கும்போது இது சிறிது சிறிதாக உரிந்து உணவில் கலக்கும். ஆதலால் இதனைக் களைவதே முறை.

இரண்டாம் வகை உலைக் கருமை. சிவக்கக் காய்ந்த எஃகின் மேற்பரப்பு காற்றோடு கூடிக் கருநிறச் செதிலாக மாறுகிறது. கொல்லர் அடித்த அரிவாளின் முதுகுப் பக்கத்தில் இதைக் காணலாம். கெட்டியாகப் பற்றியிருக்கும் வரையில் இது ஓரளவு காவலாகும். ஆனால் விரிசல் கண்டு உதிரத் தொடங்கினால் காவலே பகையாகிவிடும். எங்ஙனம்? ஈரம் பட்டதும் கருஞ்செதிலும் வெற்று எஃகும் ஒரு சிறு மின்கலம்போல் இயங்குகின்றன. விரிசலில் தெரியும் எஃகே அதில் அரிபட்டுக் குழியாகிறது. எனவே நகத்தால் கீறினால் உதிரும் செதிலை எடுத்துவிட வேண்டும். உதிராததை விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் வகை தொழிற்சாலையில் இரசாயனக் குளியலால் ஏற்றப்படும் கருமை. இது மிக மெல்லியது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதே இதன் பெரும்பயன். இதைச் சுரண்டி எடுப்பதால் நமக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை.

நான்காம் வகை வண்ணப் பூச்சும், காய் ஒட்டாதிருக்கப் பூசும் பூச்சும். முழுமையாக இருக்கும் வரையில் இவற்றைத் தொட வேண்டா. உரியத் தொடங்கினால் அக்கத்தியை அடுக்களையிலிருந்து விலக்குவதே நன்று.

ஐந்தாம் வகை கண்ணுக்கே தெரியாதது. துருப்பிடியா எஃகில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் உண்டு. அது காற்றோடு கூடி, ஒரு மில்லிமீட்டரில் சில இலட்சத்தில் ஒரு பங்கே கனமுள்ள ஏட்டைத் தானே போர்த்துக்கொள்கிறது. கீறினாலும் அந்த ஏடு மீண்டும் உண்டாகும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இத்தகைய எஃகை வார்த்தார். கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் அதன் அருமை விரைவிலேயே புலப்பட்டது.

மேல்தோலின் மதிப்பு

பளபளப்பே தூய்மை என்று எண்ணுவோர் தில்லியின் இரும்புத் தூணை நினைவிற் கொள்வாராக. பாஸ்பரஸ் மிகுந்த அவ்விரும்பின்மேல் படர்ந்த மெல்லிய ஏடு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக அதைக் காத்து வருகிறது. தூணைக் கட்டித் தழுவினால் நற்பேறு கிட்டும் என்று நம்பியவர்களின் கைபட்டு ஒரு பகுதி தேய்ந்தது. 1997-இல் சுற்றிலும் வேலி அமைக்கப்பட்டது.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்களில் இரும்புக் கருவிகளும் உண்டு. இத்தகைய தொல்பொருள்களில் துரு எல்லாவற்றையும் களைந்துவிட்டால் கருவியே மிஞ்சாமற் போகலாம். அதன் பழைய வடிவம் துருவின் அடுக்குக்குள்ளேதான் நிற்கிறது. பாட்டன் காலத்துக் கத்தியைப் பரணிலிருந்து எடுப்பவர், உப்புத்தாளைத் தேடுமுன் இதனைச் சிந்திப்பாராக.

எங்கள் கத்தியும் எங்கள் முடிவும்

தொம்மலூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து சமைக்கிறோம். எங்கள் அடுக்களைக்கு வந்த எஃகுக் கத்தியில் இரு பூச்சுகள் இருந்தன: மேலே வார்னிஷ், கீழே உலைக் கருமை. கண்ணாடிபோல் ஆகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்றார் ஒருவர். எதையுமே தொடக் கூடாது என்றார் மற்றொருவர். நான் கேட்டது வேறு: வார்னிஷ் போனபின் இக்கத்தியை நாள்தோறும் துடைத்து வைப்பவர் யார்? கழுவுதொட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவது நம் வழக்கமானால், துருப்பிடியா எஃகுக் கத்தியே நமக்கு ஏற்றது. நறுக்கியவரே கழுவித் துடைக்க வேண்டும் என்று உடன்பட்ட பிறகே வார்னிஷைக் களைந்தோம், கருமையை விட்டுவைத்தோம்.

களையும் முறை எளிது. கொதிநீரில் சமையற் சோடாவைக் கரைத்து அலகை மட்டும் சிறிது நேரம் ஊறவிட்டால் பெரும்பாலான வார்னிஷ் நெகிழும். பிறகு துணியால், கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வழித்துத் துடைக்க வேண்டும். எதிர்த்துத் துடைத்தால் கை அறுபடும். நெகிழாவிடின் அசிட்டோன் பயன்படும். அது எளிதில் தீப்பற்றுவது; அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து வைத்தே கையாள வேண்டும். பின் சோப்பால் நன்கு கழுவுக. பூச்சை அடுப்பில் காட்டி எரிக்க ஒருபோதும் முற்படாதீர்! ஏறத்தாழ 300 பாகைச் சூட்டில் எஃகு நீலம் பாரிக்கும். கொல்லர் ஏற்றிய கடினம் இறங்கும். பின்னர் கூர் நில்லாது.

வெற்று எஃகு வெங்காயமும் மாங்காயும் நறுக்க நறுக்கச் சாம்பல் நீலமாக மாறும். வாழைப்பூவை நறுக்கினால் இன்னும் கறுக்கும்; கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து பண்டைய எழுத்து மை ஆனதும் இதே வினையால்தான். இக்கறை அழுக்கன்று, துருவின் வேகத்தைக் குறைக்கும் புதிய மேல்தோல். செந்துரு தோன்றினால் மட்டும் தேய்த்து நீக்கி, உலர்த்தி, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவுக.

ஆகவே நண்பர்களே, பூச்சைக் களையுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எதனால் ஆனது? இதன் வேலை முடிந்ததா? இது போனபின் அந்த வேலையை யார் செய்வார்? முதல் இரண்டுக்கும் நூல்களில் விடை உண்டு. மூன்றாவதற்கு உங்கள் அடுக்களையில் உள்ளவர்களே விடை சொல்ல வேண்டும்.