வெளிச்சம் மாறாது, நீங்கள் மாறுங்கள்

விமான அருங்காட்சியகத்தில் படமெடுக்கும் பணி கிடைத்திருக்கிறதா? அங்குள்ள விளக்குகளைக் கூட்டவோ நகர்த்தவோ உங்களால் முடியாது. நிற்கும் இடம், எடுக்கும் நேரம், கேமராவின் அமைப்பு ஆகிய மூன்றும்தான் உங்கள் கையில் இருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2003இல் திறந்த உட்வர்-ஹேஸி மையத்தைப் பாருங்கள். கன்னங்கரிய எஸ்ஆர்-71 பிளாக்பேர்டும், பளபளக்கும் பி-29 எனோலா கேயும் அங்கே ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. இரண்டையும் ஒழுங்காக எடுத்தவருக்கு வேறெந்த ஹேங்கரும் கடினமல்ல.

விதியை முன்பே கேளுங்கள். அங்கே முக்காலிக்கு அனுமதியில்லை. வணிக நோக்கில் எடுப்பதென்றால் எங்கும் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

கறுப்புக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். கரிய விமானம் சட்டகத்தை நிறைத்தால், கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

உலோகத்துக்கு இடம் மாறுங்கள். காக்பிட் மூடியில் விழும் பிரதிபலிப்பைப் போலரைசர் ஃபில்டர் குறைக்கும். வண்ணம் பூசாத அலுமினியத்தில் அது எடுபடாது; ஏற்கெனவே மங்கலான இடத்தில் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், விளக்கின் பிம்பம் விலகிவிடும்.

ஃபிளாஷை நம்பாதீர்கள். தூரம் இரு மடங்கானால் அதன் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனோலா கேயின் இறக்கை முனைக்கு முனை 43 மீட்டர். அருகிலுள்ள பகுதி வெளுத்துப்போகும், மறுமுனை இருட்டிலேயே கிடக்கும்.

நிதானமான ஷட்டர் போதும். விமானம் நகரப்போவதில்லை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, 1/30 நொடியில் தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் எடுங்கள். ஒன்றாவது கூர்மையாக அமையும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், 1/60 அல்லது அதைவிட மெதுவான வேகத்தில் விளக்குத் துடிப்பின் பட்டைகள் பெரும்பாலும் விழாது. இந்தியாவில் 1/50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைச் சரிபாருங்கள். பகல் வெளிச்சமும் விளக்கொளியும் கலந்தால் வெள்ளை மஞ்சளாகும், நிழல் நீலமாகும். ரா கோப்பாக எடுங்கள். ஒவ்வொரு விமானத்தின் அருகிலும் சாம்பல் அட்டையை ஒரு முறை படமெடுங்கள்.

மேலே ஏறுங்கள். தரையில் நெருங்கி நின்று வைட் லென்ஸில் எடுத்தால் மூக்கு பருத்து, வால் சுருங்கிவிடும். இந்த மையத்தில் உயரமான நடைபாதைகள் உண்டு. கிட்டத்தட்ட 33 மீட்டர் நீளமுள்ள பிளாக்பேர்டின் முழு வடிவமும் அங்கிருந்துதான் பிடிபடும்.

பெயர்ப்பலகையையும் எடுங்கள். மாடலின் பெயரும் வால் எண்ணும் தவறாமல் இருந்தால்தான் பத்திரிகை ஆசிரியர் உங்களை மறுபடி அழைப்பார்.

உங்கள் வாசகர்களில் பலர் அந்த விமானத்தை நேரில் காணப்போவதில்லை. அவர்களுக்கு உங்கள் படம்தான் ஆதாரம். ஆகவே அழகைவிட உண்மை முக்கியம்: நிறமும் வடிவமும் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே படத்தை அனுப்புங்கள்.