கனிமம் தேடுபவருக்கு அரசு ஏன் பணம் தருகிறது?

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி இருக்கிறது யூகான். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாளாகக் காடு மலை ஏறிக் கனிமம் தேடுகிறவர்களுக்கு அங்கே அரசு மானியம் உண்டு. பல ஆண்டுகளாக நடந்துவரும் திட்டம் அது. ஆனால் செய்தி காதுக்குக் காது போகும்போது, ‘நீ போய்த் தங்கம் தோண்டு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அரசே கூப்பிடுவதாக மாறிவிடுகிறது. அதைக் கேட்டுச் சிலருக்கு ஆசை வருகிறது. சிலருக்கு, மக்கள் வரிப்பணத்தில் சூதாட்டமா என்று கோபம் வருகிறது. இரண்டும் முளைப்பது ஒரே தவறான எண்ணத்திலிருந்து: அரசு தங்கத்துக்காகப் பணம் கொடுக்கிறது என்ற எண்ணம்.

அரசு வாங்குவது தகவலை. ஒரு மலைச்சரிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை யாராவது நடந்து பார்த்து, மண்ணையும் கல்லையும் எடுத்துச் சோதித்து, வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், அதற்கான செலவில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. எந்த இடம், ஏன் அந்த இடம், பழைய ஆய்வுகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன, எப்படிப் போவீர்கள், என்ன செலவாகும் என்று விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். கேட்ட எல்லோருக்கும் மானியம் கிடைத்துவிடாது. கிடைத்தவருக்கும் ரசீதுகளையும் ஆய்வக முடிவுகளையும் இணைத்து அறிக்கை கொடுத்தால்தான் கணக்குத் தீரும். இதுவரை சரியாக ஆராயப்படாத பகுதியில் தேடுகிறவருக்குச் செலவில் பெரும்பங்கு கிடைக்கும். தடயம் தெரிந்த இடத்தை மேலும் ஆராய்கிறவருக்கு அந்தப் பங்கு குறையும். நான் இதைச் சரியான ஏற்பாடு என்றே சொல்வேன். முதலில் சொன்ன இடத்துக்கு வங்கியும் வராது, முதலீட்டாளரும் வரமாட்டார்.

இந்த மானியத்தால் யாரும் பணக்காரர் ஆகிவிடவும் முடியாது. பனி விலகியிருக்கும் நாட்கள் ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். சாலை இல்லாத மலைக்கு ஹெலிகாப்டரில் போக வேண்டும் என்றால், ஒரு மணி நேரப் பறப்புக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆய்வகக் கட்டணம், சாப்பாடு, உதவியாள் கூலி எல்லாம் அதற்கு மேல். ஒரு கோடையை ஓட்டுவதற்கே மானியம் போதாமல் கைக்காசு போட வேண்டி வரும்.

‘எதுவும் கிடைக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்’ என்பது அடுத்த நம்பிக்கை. அப்படி இல்லை. தங்கம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. சொன்ன வேலையைச் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ‘இந்த முகட்டில் ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்கும் மதிப்பு உண்டு. சில ஆண்டுகள் ரகசியமாக இருந்துவிட்டு அறிக்கை பொதுவுக்கு வந்ததும், அடுத்து வருகிறவர் அதே முகட்டில் ஒரு கோடையைத் தொலைக்க மாட்டார். தோற்றுப்போன தேடலின் குறிப்பையும் பத்திரப்படுத்தி வைக்கும் இந்தப் பொறுமைதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய நாளில் இது நேர்மாறாக இருந்தது. 1896 ஆகஸ்டில் யூகானின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் வெளிப்பட்டது. அதற்கு வழிகாட்டிய ராபர்ட் ஹெண்டர்சனுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை. தங்கத்தைக் கண்டெடுத்த குழுவில் இருந்த ஜார்ஜ் கார்மக்கின் பழங்குடி உறவினர்களை அவர் இழிவாகப் பேசியதால்தான், தங்கம் கிடைத்த செய்தியை அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை என்பார்கள். பிற்பாடு அரசு அவரையும் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்று மாதம் 200 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. அன்று எல்லாம் முடிந்த பிறகு வந்த பணம், இன்று தேடப் புறப்படும் கட்டத்துக்கே வருகிறது.

பட்டம் படித்த நிலவியலாளருக்குத்தான் மானியம் என்று நினைப்பவர்களுக்கு ஷான் ரயன் என்ற ஒரு பெயர் போதும். யூகானின் டாசன் ஊர்ப்பக்கம் காட்டுக்காளான் பறித்து விற்றுப் பிழைத்தவர் அவர். நிலவியலைத் தானாகவே படித்துக்கொண்டார். அவருடைய தொடக்ககாலத் தேடலுக்குக் கைகொடுத்தவற்றில் இந்த மானியமும் ஒன்று. அப்போது அந்தத் திட்டத்துக்கு வேறு பெயர்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கனடாவின் பெரும்பகுதியைப் பனியுகத்தில் பனியாறுகள் சுரண்டி, மண்ணை எங்கெங்கோ தள்ளிவிட்டன. டாசனுக்குத் தெற்கே உள்ள மலைகளில் அது நடக்கவில்லை. அங்கே மண், தன் கீழே இருக்கும் பாறை நொறுங்கி உண்டானது. பாறை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் தங்கம் இருந்தால் மண் காட்டிக்கொடுத்துவிடும். கையால் முறுக்கி இறக்கும் துளைகருவியோடு முகடு வழியாக நடக்கிறார்கள். பாசியையும் கரிய மேல்மண்ணையும் தாண்டி, பாறைத்துணுக்கு கலந்த அடிமண் வரும்வரை துளைக்கிறார்கள். ஒரு பிடி மண்ணைக் காகிதப் பையில் போட்டு எண் எழுதி, ஜிபிஎஸ் குறிப்பெடுத்து, அந்த இடத்தில் வண்ண நாடா கட்டிவிட்டு அடுத்த புள்ளிக்கு நகர்கிறார்கள். ஆய்வகம் தங்கத்தை நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவில் சொல்லும். கூடவே ஆர்செனிக், ஆன்டிமனி அளவும் வரும். அவை தங்கத்தோடு சேர்ந்து வரும் தடயத் தனிமங்கள். இப்படி ஆயிரக்கணக்கான பைகள் சேர்ந்த பிறகுதான் வரைபடத்தில் தங்கம் மிகுந்த இடம் ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும்.

ரயனின் திட்டுகளில் ஒன்று ‘ஒயிட் கோல்ட்’ வட்டாரம் என்று பெயர் பெற்றது. அங்கே துளையிட்ட அண்டர்வேர்ல்ட் நிறுவனத்தை 2010ல் கின்ராஸ் என்ற சுரங்க நிறுவனம் சுமார் 13.9 கோடி கனேடிய டாலருக்கு வாங்கியது. அவர் பதிவு செய்த காபி என்ற இன்னொரு பகுதியைக் காமினாக் நிறுவனம் ஆராய்ந்தது. காமினாக்கை 2016ல் கோல்ட்கார்ப் என்ற சுரங்க நிறுவனம் 52 கோடி டாலருக்கு வாங்கியது. கண்டுபிடித்தாயிற்று, சுரங்கம் வந்துவிட்டது என்று இதைப் படிப்பது அடுத்த தவறு. காபியில் அதன் பிறகும் பல ஆண்டுகள் உற்பத்தி தொடங்கவில்லை. கண்டுபிடிப்புக்கும் சுரங்கத்துக்கும் இடையே அனுமதி, சாலை, நீர், மக்களோடு பேச்சுவார்த்தை என்று நெடுந்தூரம் இருக்கிறது.

கடைசியில் லாபம் பெரிய நிறுவனத்துக்குத்தானே என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் தவறான இடத்தில் பாய்கிறது. யூகானில் ஆற்றுச்சரளையிலிருந்து எடுக்கும் தங்கத்துக்கு உரிமைத்தொகை 2.5 சதவீதம்; அதையும் அவுன்ஸ் 15 டாலர் என்ற நூறாண்டு பழைய விலையில் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்தார்கள். அப்படியானால் ஓர் அவுன்ஸுக்கு அரசுக்கு வருவது 37.5 சென்ட். பொதுப்பணத்தின் மேல் அக்கறை உள்ளவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான நம்பிக்கை, மானியம் கிடைத்தால் நிலமும் கிடைத்துவிடும் என்பது. மானியம் வேறு, கனிம உரிமை வேறு. 18 வயது நிரம்பிய எவரும் நிலத்துக்கு நேரில் போய் மரக்கம்பம் நட்டு, 1,500 அடிக்கு 1,500 அடி வரை உரிமை பதிவு செய்யலாம் என்பது யூகானின் பழைய சட்டம். அதன்படி, பழங்குடி மக்களைக் கேட்காமலேயே அவர்களுடைய வேட்டை நிலத்தில் உரிமை பதிவாகி வந்தது. அவர்களில் ராஸ் ரிவர் தேனா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் நிலத்தில் கனிம உரிமைகளை வெளியாருக்குத் திறந்துவிடுவது பற்றி அரசு தங்களோடு கலந்துபேச வேண்டும், தங்கள் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய தொடக்கநிலை ஆய்வையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற அவர்களின் வாதத்தை யூகான் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012ல் ஏற்றது. அடுத்த ஆண்டு, அதற்கு எதிரான அரசின் முறையீட்டை எடுத்துக்கொள்ள கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2013 இறுதியில் ராஸ் ரிவர் பகுதியில் புதிய உரிமைப் பதிவு நிறுத்தப்பட்டது. அந்தத் தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. தடை இருக்கும் வரை, அந்த மலைகளில் எவ்வளவு நல்ல தடயம் கிடைத்தாலும் கம்பம் நட முடியாது.